நீங்களே பாத்துப் போடுங்க

அறுபதாயிரம். இந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அடுப்பில் பால் பொங்குவதற்குள் நூறு தடவை சொல்லிவிடலாம். சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம், அது என் வாயில் வரவில்லை. இதற்காக என்னை யார் வேண்டுமானாலும் திட்டலாம். நானே தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் பெயர் ஜூரா. பிஷ்கெக் நகரத்தில் இருபது வருடமாகத் துணி வெட்டுவதற்கு அளவுப் படம் வரைகிறேன். நான் தைக்கிறவள் இல்லை. கோட்டோ கவுனோ, எந்தத் துண்டு எந்த வளைவில் இருக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து வெட்டிக் கொடுப்பேன். மற்றவர்கள் அதை வைத்துத் துணி வெட்டித் தைப்பார்கள். காகிதத்தில் அரை சென்டிமீட்டர் தப்பினால் ஆயிரம் கோட்டு பாழ். அப்படிப்பட்ட வேலைக்கு, ஒரு அடுக்குமாடியின் நிலவறையில், காலிபா அக்காவின் தையல்கூடத்தில் மாதம் முப்பத்திரண்டாயிரம் சோம் வாங்கிக்கொண்டிருந்தேன். சேர்ந்த அன்று சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று அவள் கேட்டாள். "நீங்களே பாத்துப் போடுங்க அக்கா" என்றேன். அவள் பார்த்தாள். ஏழு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். போடத்தான் இல்லை.

என் புருஷன் குபாத் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் வருகிறவன். ஒன்பது வருடமாக இதேதான் பிழைப்பு. போன டிசம்பரில் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தான். பனிக்குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் இனி மடங்காது. அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் தெரு மிர்லான் அங்கிருந்து பெட்டியில் வந்திருந்தான். அவனும் சாரத்திலிருந்து விழுந்தவன்தான். அவனுக்குக் கீழே பனி இல்லை. அவன் பெண்டாட்டி போட்ட ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி ரஷ்யா போகும் வேனில் குபாத்துக்கு இடம் சொல்லியாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சாயங்காலம், நான் மாந்திக் கொழுக்கட்டைக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தபோது அவன் கறியும் வெங்காயமும் நறுக்கியபடி சொன்னான்.

"ஜூரா, ஒன் கைக்கு மாசம் அறுபது வந்தா நான் போகல. வீட்டு வாடகை, கடன் தவணை, பாப்பா ஸ்கூல் எல்லாம் அதுல அடங்கிடும். நான் இங்கயே எதையாவது தூக்கி எறக்கிப் பொழச்சிக்கிறேன்."

"சத்தியமா?"

"ரொட்டி மேல சத்தியம்."

எங்கள் மகள் பெகிமாய்க்கு ஒன்பது வயது. வாசல் ஆணியில் அப்பாவின் ஜாக்கெட் தொங்குகிறதா என்று தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். அன்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் முன்னால் நாங்கள் அதற்குமேல் பேசவில்லை.

நகரத்தின் வடக்கே புதிதாக ஒரு பெரிய தையல் கம்பெனி திறந்திருந்தார்கள். அளவுப் படம் வரைய ஆள் வேண்டும் என்று விளம்பரம். இளமையான நட்பான குழு, வளரும் நிறுவனம், மன அழுத்தத்தைத் தாங்கத் தெரிந்தவர் தேவை. சம்பளம்: நேர்காணலின் முடிவைப் பொறுத்து. சந்தையில் வெள்ளரிக்காய் விற்கிறவன்கூட விலையை அட்டையில் எழுதி வைக்கிறான், இவர்களுக்கு என்ன கேடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அங்கே அளவுப் படம் வரைகிறவளுக்கு எழுபது வரைக்கும் தருவதாக ஊரில் பேச்சு. மனுப் போட்டேன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் குபாத் சமையலறையில் முதலாளியாகி உட்கார்ந்தான். கழுத்தில் பெகிமாயின் மப்ளரை டை மாதிரி கட்டிக்கொண்டான்.

"சொல்லுங்கம்மா. சம்பளம் என்ன எதிர்பாக்குறீங்க?"

"யோவ், சிரிக்காம கேளுய்யா."

"நான் எங்க சிரிக்கிறேன்? சொல்லுங்கம்மா, எவ்வளவு?"

"அறு… அறுபது…"

"என்னாது? காதுல விழல."

"அறுபதாயிரம்!"

"இப்படிக் கத்துனா பயந்துருவான். கண்ணப் பாத்து, சாதாரணமா, உப்பு எடுத்துக் குடுன்னு கேப்பேல்ல, அந்த மாதிரி."

அன்று முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது, நிலக்கரி அள்ளும்போது, பஸ்சில் நிற்கும்போது. எங்கள் ஊரில் டாக்ஸிக்காரனிடம் எவ்வளவு என்று கேட்டால், "நீங்களே பாத்துக் குடுங்க" என்பான். பேறு பார்க்க வந்த கிழவியும் அதையேதான் சொல்வாள், கல்லறை தோண்டியவனும் அதையேதான் சொல்வான். தன் விலையைத் தானே சொல்கிறவன் வெட்கம் கெட்டவன் என்று வளர்த்துவிட்டார்கள். நம்மிடம் எவ்வளவு என்று கேட்கிறவன் வெட்கப்பட்டு நியாயமாகக் கொடுப்பான் என்பது கணக்கு. கேட்கிறவனுக்கும் வெட்கம் இருந்தால்தானே!

கம்பெனியில் மேரிம் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். ஆள் எடுக்கும் பிரிவு. வயது இருபத்து மூன்று இருக்கும். நான்கு பக்கப் படிவம் கொடுத்தாள். அப்பா பிறந்த ஊர், கல்யாணம் ஆனதா, இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா. இதெல்லாம் எதற்கு, கோட்டுக்குக் கை வெட்டவா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"அக்கா, இன்னும் அஞ்சு வருஷத்துல ஒங்கள எங்க பாக்குறீங்க?"

"மேசை முன்னாடிதான் கண்ணு. வேற எங்க போவேன்?"

அவள் எதையோ எழுதிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்கக்கா? அந்தக் கட்டத்த நிரப்பாம விட்டுட்டீங்க."

உப்பு கேட்கிற மாதிரி, உப்பு கேட்கிற மாதிரி என்று மனசுக்குள் ஓடியது. வாயைத் திறந்தேன்.

"நீங்களே பாத்துப் போடுங்க."

என் வாயா அது? நாக்கை வெட்டிப் போடலாம் போல இருந்தது. மேரிம் முகம் மலர்ந்தது. "ரொம்ப சரிக்கா" என்று சொல்லி, கட்டத்தில் எழுதினாள். தலைகீழாக நானும் படித்தேன். 'நிறுவனத்தின் விருப்பப்படி.'

"ஒரு சின்ன டெஸ்ட் இருக்குக்கா. பொம்பளைங்க கோட்டு ஒண்ணு. அஞ்சு சைஸ். மூணு நாள்ல வரைஞ்சு கொண்டாந்துருங்க."

"அஞ்சு சைஸா? அது டெஸ்ட் இல்லியேம்மா, முழு வேலையாச்சே. இதுக்குக் காசு?"

"அய்யோ அக்கா, டெஸ்ட்டுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" அவள் நிஜமாகவே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து குபாத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"வாயில என்ன, மாந்தியா அடைச்சு வெச்சிருந்த? ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்தடி!"

"நீ வந்து சொல்லிப் பாரேன், அந்த எடத்துல ஒக்காந்து."

"நானா இருந்தா மொத வார்த்தையே அதுதான்."

கோபித்துக்கொண்டு படுத்தான். மறுநாள் காலையில் அவனே போய் சுவரில் ஒட்டுகிற பூக்காகிதம் ஒரு சுருள் வாங்கி வந்தான். அதன் பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். படம் வரைய அதைவிட மலிவாக வேறு கிடையாது. கூடத்துத் தரையில் விரித்து, அதன் ஓரங்களில் முழங்காலிட்டு அமுக்கிக்கொண்டான். நான் வரைந்தேன். என் சமாச்சாரம் ஒன்று உண்டு. பஸ்சில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளைக்குக் கையைத் தூக்கியதும் கோட்டு முழுக்க இடுப்புக்கு மேலே ஏறிவிடும். அக்குளுக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு சாய்ந்த துண்டு வைத்துத் தைத்தால் ஏறாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை; இருபது வருடம் பஸ்சில் நின்று நான் கண்டுபிடித்தது. ஐந்து சைஸிலும் அதை வைத்தேன். அவர்கள் பார்த்து அசர வேண்டும் என்று வைத்தேன், மடச்சி.

கொடுத்துவிட்டு வந்தேன். "நாங்க கூப்புடுறோம்க்கா" என்றாள் மேரிம். ஒரு வாரம் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேன்காரன் மட்டும் குபாத்துக்கு நாள் தவறாமல் போன் செய்தான். இடத்துக்கு மிச்சப் பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். குபாத் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினான். பெகிமாய் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே கம்பெனிக்காரர்களை நான் சபித்தேன்.

இருபத்தோராம் தேதி கூப்பிட்டார்கள். முதலாளியே பார்க்க வேண்டுமாம்.

முதலாளி பெயர் ஜெனிஷ். ஐம்பது வயது, நல்ல உயரம், குரலில் தேன். அறை நடுவில் நீள மேசை. மேசையில் தேநீர், எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகள், ஜாம், நடுவில் வட்ட ரொட்டி. மூலையில் ஒரு பொம்மை நின்றது. அதன் மேல் செர்ரிப்பழ நிறத்தில் ஒரு கோட்டு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அக்குளுக்குக் கீழே சாய்ந்த துண்டு. என் கோட்டு. பைசா கொடுக்காமல் வாங்கிய படத்தை அதற்குள் தைத்தே பார்த்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமையாக இருந்தது. அய்யோ, எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று கண் கலங்கியது. புத்தி கெட்டவளுக்கு இதைவிட அடையாளம் வேண்டுமா?

"வா தங்கச்சி, ஒக்காரு. மொதல்ல ரொட்டி எடுத்துக்க. வேலப் பேச்செல்லாம் அப்புறம்."

ரொட்டியைத் தொடாமல் இருக்க முடியுமா? எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டுப் போகிறவன்கூட ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுத்தான் போகிறான். பிய்த்து வாயில் போட்டேன்.

"கோட்டு பாத்தேன். கை தூக்கினா ஏறவே மாட்டேங்குது. எம் பொண்டாட்டி போட்டுப் பாத்துட்டுக் கழட்ட மாட்டேன்னுட்டா. ஒன்ன மாதிரி ஆளுதான் தங்கச்சி எங்களுக்கு வேணும். இது கம்பெனி இல்ல, குடும்பம்."

"சந்தோஷம்ண்ணே."

மேரிம் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். நான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வந்திருந்தேன். பஸ்சில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அண்ணே, சம்பளம் பத்தி… நான் வந்து… அறு…"

"இந்தா, நீயே எழுதியிருக்கியே." படிவத்தில் விரலை வைத்து ஜெனிஷ் படித்தார். "நிறுவனத்தின் விருப்பப்படி. இதுக்குப் பேரு மரியாத. இப்ப வர்ற பசங்க வாசல்லயே நின்னு எவ்வளவு தருவேங்குறானுங்க. தங்கச்சி, ஒரே ரொட்டியப் பிச்சுட்டோம். ஒனக்கு நான் கொற வெப்பேனா?"

"இல்லண்ணே, ஆனா…"

"கொற வெக்க மாட்டேன். ஒன் வழி வெளிச்சமா இருக்கட்டும், ஒன் கை நோகாம இருக்கட்டும், ஒன் வீட்டுல செல்வம் தங்கட்டும்."

உள்ளங்கைகளை விரித்து ஏந்தினார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பழகிய கை. பெரியவர் ஆசி சொல்லிக் கை ஏந்தினால் என் கையும் ஏந்தும். யோசிக்கிற வேலை அதற்குக் கிடையாது. மேரிமும் ஏந்தினாள். தேநீர் ஊற்ற வந்த கிழவரும் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏந்தினார்.

"ஓமின்" என்றார் ஜெனிஷ்.

"ஓமின்" என்று நானும் முகத்தைத் தடவிக்கொண்டேன். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்; அதைச் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் பேச்சு முடிந்தது.

அதன் பிறகுதான் மேரிம் காகிதத்தை நீட்டினாள். மூன்று மாதம் சோதனைக் காலம். மாதம் இருபத்தெட்டாயிரம். அதன் பின் சம்பளம், சோதனையின் முடிவைப் பொறுத்து. காலிபா அக்கா கொடுத்ததைவிட நாலாயிரம் குறைவு. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

"அண்ணே, இது ரொம்பக் கம்மியா…"

அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே வருந்தினார். "தங்கச்சி, ஓமின் சொல்லியாச்சே. ஓமினுக்கு அப்புறம் பேரமா? மூணு மாசந்தானே, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்."

கிழவர் கெண்டியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார். நான் கையெழுத்துப் போட்டேன்.

குபாத் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"எடுத்துக்கிட்டாங்க."

"அறுபதா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த மடங்காத இரண்டு விரல்களும் கையுறைக்குள் போகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மிர்லானின் பெட்டி ஞாபகம் வந்தது. "மொத மூணு மாசம் சோதனை. அதுக்கப்புறம் அறுபது" என்றேன்.

"அவரே சொன்னாரா?"

"ஓமின் சொன்னார்."

"ஓமின் சொல்லிட்டாரா? அப்ப முடிஞ்சு போச்சு!" நடுத்தெருவில் என்னைத் தூக்கிச் சுற்றினான். அங்கேயே நின்று வேன்காரனுக்குப் போன் போட்டு, என் இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று சொன்னான். பெகிமாய் அன்று இரண்டு தட்டு மாந்தி தின்றாள்.

மூன்று மாதம் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள். குபாத் கட்டடச் சாமான் சந்தையில் சிமெண்ட் மூட்டை தூக்கினான். ஒரு கையில் பிடிப்பு இல்லாததால் முதுகில்தான் எல்லாப் பாரமும். வாடகைக்குக் கடன் வாங்கினோம், கடன் தவணைக்கு இன்னொரு கடன் வாங்கினோம். "மே முடியட்டும்" என்பான் அவன். நானும் "மே முடியட்டும்" என்பேன். கம்பெனியில் நான் பதினேழு உருப்படி வரைந்தேன். பிற கம்பெனியில் ஒரு வருடம் முழுக்க வரைவதே அவ்வளவுதான். சம்பளப் பேச்சை எடுக்கலாம் என்று மேரிமிடம் போனால், "மே முடியட்டும்க்கா" என்று அவளும் அதையே சொன்னாள்.

மே மாதக் கடைசி வாரத்தில் ஜெனிஷ் கூப்பிட்டு அனுப்பினார். முகம் கழுவி, தலை சீவி, மனசுக்குள் உப்பு உப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன்.

மேசையில் அதே தேநீர், அதே வட்ட ரொட்டி. எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏதோ கிராமத்திலிருந்து விடியும் முன் கிளம்பி வந்த களைப்பு முகத்தில். மடியில் ஒரு சுருள். பூக்காகிதச் சுருள்.

"வா தங்கச்சி. இது அனார்குல். வேலைக்கு வந்திருக்கு. டெஸ்ட் செஞ்சு கொண்டாந்துருக்கு, நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"ஆள் கூடுதலா எடுக்குறீங்களாண்ணே?"

ஜெனிஷ் தேநீரை உறிஞ்சினார். மேரிம் ஜன்னலைப் பார்த்தாள். என் சோதனைக் காலம் முடிகிற வாரம்; என் இடத்துக்குத்தான் ஆள் என்று அப்போதே புரிந்துவிட்டது. சுருளை விரித்தேன். என் செர்ரிக் கோட்டுக்கே தொப்பி வைத்து, ஐந்து சைஸ். சுத்தமான கை. ஒரு கோட்டில்கூடத் தடுமாற்றம் இல்லை. நல்ல கைக்காரி, பாவி.

"நல்லா இருக்கு" என்றேன், அதைச் சுருட்டி அவள் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு. வேறு என்ன சொல்ல? இருந்ததே.

"மூணு நாளு தூங்கலக்கா" என்றாள் அனார்குல் வெட்கத்துடன். "எம் பையனுக்குக் காதுல ஆபரேஷன் பண்ணணும். இந்த வேல கெடச்சா நகரத்துக்கே வந்துருவேன்."

மேரிம் பேனாவை எடுத்தாள். "சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குறீங்கக்கா?"

அனார்குல் ஜெனிஷைப் பார்த்தாள், ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கழுத்தில் சொல் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. எத்தனை நாள் சொல்லிப் பார்த்தாளோ, எந்தப் பஸ்சில் சொல்லிக்கொண்டு வந்தாளோ.

"அது… நீங்களே பாத்துப்…"

"அறுபதாயிரம்!"

சொன்னது நான். அவ்வளவு சுலபமாக வந்தது. உப்பு கேட்கிற மாதிரி வந்தது.

"அறுபதாயிரம்னு சொல்லு தங்கச்சி. இன்னிக்குத் தேதியில இருந்து அறுபதுன்னு சொல்லு. அந்தக் காகிதத்த மடியில இருந்து எடுக்காத. கட்டத்துல எழுதுனாதான் கைய விடணும். இவங்க கைய ஏந்துறதுக்கு முன்னாடி சொல்லு!"

"ஜூரா" என்றார் ஜெனிஷ், மெதுவாக.

"என்னண்ணே ஜூரா? பதினேழு உருப்படி வரைஞ்சேன் ஒங்களுக்கு. அந்தக் கோட்டு தோர்தோய் சந்தையில எத்தன ஆயிரம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஒரே ரொட்டியப் பிச்சோமே, அந்த ரொட்டிக்காவது நீங்க வெக்கப்பட வேணாமா?"

அனார்குல் அரண்டு போயிருந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், சுருளை எடுத்து மேசையில், ஜெனிஷ் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் அப்படியெல்லாம் கேக்கலண்ணே" என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்களே பாத்துப் போடுங்க."

ஜெனிஷ் கைகளை ஏந்தினார். அவளும் ஏந்தினாள், மேரிமும் ஏந்தினாள். சிரிக்காதீர்கள், என் கைகளும் மேசையிலிருந்து அரை முழம் எழும்பின. பிடித்து மடியில் அழுத்திக்கொண்டேன்.

அன்று மத்தியானமே மேரிம் ஒரு காகிதம் கொடுத்தாள். சோதனைக் காலத்தில் தேறவில்லை. "குழுவோட ஒத்துப் போகலன்னு எழுதியிருக்காங்கக்கா, நான் எழுதல" என்றாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. அந்த நீரை வைத்து நான் என்ன செய்ய?

காலிபா அக்கா என் இடத்தில் வேறு ஆளைப் போட்டிருந்தாள். வேறு நாலு இடத்தில் படிவம் நிரப்பினேன். நாலு பேரும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஜூன் பத்தாம் தேதி வேனில் குபாத் மறுபடி இடம் சொன்னான்.

பஸ் நிலையத்தில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. வேன் கூரையில் மூட்டைகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெகிமாய் அப்பாவின் ஜாக்கெட்டை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூடான நாளில் அதை எதற்குக் கொண்டு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டினேன். ஊருக்குப் போகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சத்தை அவன் திரும்பி வரும்வரை வீட்டில் வைத்திருப்போம். குபாத் கடித்தான்.

என்னால் தாங்க முடியவில்லை. "குபாத், நான் ஒங்கிட்ட பொய் சொன்னேன்யா. அந்த ஆளு அறுபதுன்னு சொல்லவே இல்ல. பிப்ரவரியிலயே எனக்குத் தெரியும்."

அவன் மென்று விழுங்கினான். "எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"பஸ் ஸ்டாப்புல அறுபதுன்னு சொல்லும்போது நீ கத்தவே இல்ல. ஒனக்குக் கத்தாம அது வராது." சட்டைக்கையால் வாயைத் துடைத்தான். "எனக்கும் போக மனசில்ல ஜூரா. பொய்யின்னு தெரிஞ்சே நம்புனேன். மூணு மாசம் கெடச்சுதுல்ல."

நான் அழுதேன். பெகிமாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நீயாவது வாயத் தொறந்து கேளு" என்றேன். "சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி கேளு. கயிறு கட்டித் தரச் சொல்லிக் கேளு. எவ்வளவுன்னு மொதல்லயே பேசிக்க. என்ன மாதிரி இருக்காத."

"நான் என்ன ஒன்ன மாதிரியா? மொத வார்த்தையே அதுதான்" என்று சிரித்தான்.

அப்போது அவன் போன் அடித்தது. அங்கே வேலை வைத்திருக்கிற மேஸ்திரி. நம் ஊர்க்காரர்தான், குரல் வெளியிலேயே கேட்டது. கிளம்பியாச்சா என்றார். விரல் எப்படி இருக்கிறது, எட்டாவது மாடி வேலை, ஏறுவாயா என்றார். ஏறுவேன் என்றான் குபாத்.

"சரி தம்பி, சம்பளம் எவ்வளவு எதிர்பாக்குற?"

குபாத் என்னைப் பார்த்தான். நான் அவன் கடித்த ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு, வேன் பக்கமாக இரண்டடி நடந்து, குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்டது.

"அட, அதெல்லாம் என்னண்ணே… நீங்களே பாத்துப் போடுங்க."